திதி வேறு, தேதி வேறு

கெட்டிமேளம், கெட்டிமேளம் என்று ஐயர் விரலை ஆட்டியபோது மங்கையர்க்கரசியின் கையிலிருந்த அட்சதை வியர்வையில் நனைந்து உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. எல்லாரும் எறிந்தார்கள். அவளும் எறிந்தாள். பாதிதான் போயிற்று, மீதி விரலிடுக்கில் நின்றுவிட்டது. மஞ்சள் தடவிய அரிசி. மஞ்சள் தடவாவிட்டால் இதே அரிசிதான் வாய்க்கரிசி. ஆறு வருஷத்துக்கு முன்னால் இதே தேதியில் இதே கையில் அரிசியைக் கொடுத்து, போடு, போடு மங்கை என்று யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளினார்கள். அன்றைக்கும் பாதிதான் விழுந்தது. பிள்ளை வாயில் பெற்றவள் அரிசி போடுவதா என்று அவள் விரலை மடக்கிக்கொண்டாள், பிரித்து எடுத்துப் போட்டது அவள் தம்பி புருஷோத்தமன். அவன்தான் இப்போது மேடையில் பட்டு வேட்டியை இழுத்து இழுத்துக் கட்டிக்கொண்டு, மகள் கழுத்தில் தாலி ஏறியதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிறான். அழுகிறான். அழட்டும். பெண்ணைப் பெற்றவன் அழத்தான் வேண்டும். அன்றைக்கும் அவன்தான் எல்லாரையும்விட அதிகமாக அழுதான். தலையை நிலைப்படியில் முட்டிக்கொண்டு, நான்தானேக்கா அனுப்பினேன், என் பொண்ணக் கூட்டியாரத்தானே போனான் என்று அழுதான். அந்த அழுகைக்கும் இந்த அழுகைக்கும் ஒரே முகம், ஒரே தேதி, ஜனவரி முப்பது. வருஷத்தில் முந்நூற்றுச் சொச்சம் நாள் கிடக்க, அவனுக்கு இந்த நாள்தான் கிடைத்ததா?

அவள் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். முதல் வரிசை சம்பந்தி வீட்டாருக்கு. வந்தவர்களில் பாதிப்பேர் பண்ருட்டிக்காரர்கள், அவளுக்குத் தெரிந்த முகங்கள். எல்லாரும் அவளைப் பார்க்கும்போது ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தார்கள். ஞாபகம் இருக்கிறது, அவர்களுக்கு ஞாபகம் இருக்கிறது என்று முதலில் நினைத்தாள். அப்புறம் அந்தப் பார்வையில் இரக்கம் இல்லை என்று தோன்றியது. கோயிலில் சாமியைப் பார்ப்பதுபோல் ஒரு பார்வை. இது என்ன பார்வை? பட்டுப்புடவையின் ஜரிகை கழுத்தை அறுத்தது. இந்தப் புடவையைக்கூட தம்பிதான் எடுத்துக் கொடுத்தான், அரக்கு. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. இந்த ஒரு மாதமாகவே வாய் வரவில்லை. பத்திரிகை வைக்க அவனும் அவன் மனைவி வனஜாவும் தாம்பாளத்தோடு வந்த அன்றைக்கே வந்திருக்க வேண்டும். வெற்றிலை பாக்கின்மேல் மஞ்சள் தடவிய பத்திரிகை. அவள் கண் பெயரில் விழவில்லை, ஊரில் விழவில்லை, நேரே தேதியில் போய் விழுந்தது. யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தாள். அக்கா, தேதி இப்படி அமைஞ்சிருச்சு, மாப்பிள்ளைக்கு லீவு இல்ல, மண்டபம் கெடைக்கல, என்ன செய்யிறது என்று ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை. அவன் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக நெடுஞ்சாண்கிடையாக அவள் காலில் விழுந்தான். வனஜாவும் விழுந்தாள். அவள் பதறி, எழுந்திருடா, என்னடா இது என்றாள். எழுந்தவன் கண் கலங்கியிருந்தது. நீ எங்களுக்கு தெய்வம்க்கா என்றான். இத்தனை எதற்கு? தாய் மாதிரி வளர்த்தவள் என்பதற்கா? பக்கத்தில் நின்ற அவள் புருஷன் தெய்வசிகாமணி, சரி சரி, காபி குடிங்க என்று பேச்சை வேறுபக்கம் திருப்பினார்.

அவர்கள் போனபிறகு சமையற்கட்டில் அவள் கேட்டாள். முப்பதாந்தேதிங்க. அவர் தம்ளரைக் கழுவி வைத்தார். வழக்கமாகத் தம்ளரைக் கழுவுகிற ஆள் இல்லை. நமக்குத் திதிதானே கணக்கு என்றார். வளர்பிறைத் திருதியை. இந்த வருஷம் முன்னாடியே வந்துட்டுப் போயிரும், ஐயரக் கூப்பிட்டு எல்லாம் செஞ்சிரலாம். அப்புறம் முப்பதாந்தேதிக்கு என்ன இருக்கு? அது சும்மா இங்கிலீஷ் தேதி. சும்மா. அது சும்மாவா? திதி போன வாரம் வந்தது, போயிற்று. எள்ளும் தண்ணீரும் விட்டார்கள், காக்கைக்கு வைத்தார்கள், அவளும் விழுந்து கும்பிட்டாள். ஆனால் அவளுக்கு அது யாரோ ஒருத்தனுடைய திவசம்போல இருந்தது. பிறையையும் நட்சத்திரத்தையும் பார்த்துப் போகிறவனா அவன்? தேதியைப் பார்த்து எழுந்து, தேதியைத் தின்று, தேதியோடு படுத்தவன் அல்லவா அவள் பிள்ளை இளவழகன்.

குரூப் டூ பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று ஆரம்பித்ததுதான். பொது அறிவில் எதை வேண்டுமானாலும் கேட்பார்களாம். எதை விட்டாலும் தேதியை விடக்கூடாது என்பது அவன் கட்சி. கூடத்தில் தரையில் படுத்துக்கொண்டு இரண்டு காலையும் சுவரில் தூக்கிப் போட்டிருப்பான். சுண்ணாம்புச் சுவரில் குதிகால் அடையாளம். அவள் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஊராருடைய ஜாக்கெட்டுக்கு ஊக்கு வைத்துக்கொண்டே கேட்பாள். இன்னைக்கு என்னடா நாள்? அவன் சொல்வான். யார் பிறந்தார்கள், யார் செத்தார்கள், எங்கே சண்டை தொடங்கியது, எது கண்டுபிடிக்கப்பட்டது. பத்தாவதோடு நின்றவள் அவள், கேட்டுக் கேட்டே அவளுக்கும் பாதி பாடமாகிவிட்டது. ஊசியில் நூல் கோக்கும்போது பேரரசர்கள் வந்து போனார்கள். எந்தத் தேதியும் காலியா இருக்காதும்மா என்பான். நீ எந்த நாள வேணும்னாலும் தொறந்து பாரு, உள்ளார யாராச்சும் உக்காந்திருப்பாங்க. அவள் சிரிப்பாள். வாடகை வீடு மாதிரியாடா? ஆமா, ஒருத்தரும் காலி பண்ணமாட்டாங்க, புதுசா ஆளு வந்துகினே இருக்கும், இடம் மட்டும் பத்தும் என்பான்.

ஜனவரி முப்பதுக்குள் யார் யார் இருந்தார்கள் என்று அவளுக்கு அவனைவிட நன்றாகத் தெரியும் இப்போது. காந்தி, அது ஊருக்கே தெரியும். காந்தியைச் சுட்ட அதே நாள், அதே வருஷம், அமெரிக்காவில் ஆர்வில் ரைட் செத்துப்போனார், ஆகாய விமானத்தை முதலில் ஓட்டியவர். காந்தி செத்த பரபரப்புல அந்த மனுசன யாரும்மா கவனிச்சிருப்பாங்க, பாவம் என்று இளவழகன் அவருக்காக வருத்தப்பட்டான். அவளுக்கு அப்போது அது வேடிக்கையாக இருந்தது. இப்போது வேடிக்கையாக இல்லை. பெரிய சாவு ஒன்று விழுந்த நாளில் சின்னச் சாவு கண்ணுக்குத் தெரியாது. பெரிய கல்யாணம் விழுந்த நாளிலும் தெரியாது. அப்புறம் ஹிட்லர் பதவிக்கு வந்தது. பசுமைப் புரட்சி சி. சுப்பிரமணியம் பிறந்தது. அதையும் சொல்லணும்மா, பொறந்தவங்களச் சொன்னாத்தான் தேதி கொஞ்சம் மூச்சு விடும் என்பான். வள்ளலார் மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. இதோ, பக்கத்து ஊர், பஸ்ஸில் ஏறினால் போய்விடலாம். அதற்குப் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. இங்கிலாந்து ராஜா சார்லஸ், தலையை வெட்டப் போகிற காலையில் இரண்டு சட்டை போட்டுக்கொண்டானாம். குளிரில் நடுங்கினால் பயத்தில் நடுங்குகிறான் என்று ஜனங்கள் நினைத்துவிடும் என்று. அவன் தலை விழக் காரணமாயிருந்த கிராம்வெல்லை, புதைத்த பிறகு தோண்டி எடுத்துத் தூக்கில் மாட்டினார்கள், சில வருஷம் கழித்து, அதே ஜனவரி முப்பதில். தேடிப் பிடித்து அதே நாளில். பழிக்குப் பழி வாங்குகிறவனுக்குக்கூடத் தேதி ஞாபகம் இருக்கிறது. வேண்டுமென்றே அந்த நாளை எடுத்தான். புருஷோத்தமா, நீ எப்படி எடுத்தாய்? மறந்து எடுத்தாயா, தெரிந்து எடுத்தாயா? மறந்திருந்தால் நீ மனுஷனா? தெரிந்திருந்தால் நீ என் தம்பியா?

அன்றைக்கும் பனி. வாசலில் தெருவிளக்கு பஞ்சுக்குள் சுற்றி வைத்ததுபோல இருந்தது. போன் வந்தது, மாமா புருஷோத்தமன்தான். மகள் சுடர்விழி மெட்ராஸ் பஸ்ஸில் வந்து இறங்குகிறாள், எனக்கு உடம்பு சரியில்லை, நீ போய்க் கூட்டிவந்துவிடு, பைக் இங்கேதான் நிற்கிறது, எடுத்துக்கொண்டு போ. இளவழகன் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். அவள் அடுப்படியிலிருந்து, இன்னைக்கு என்னடா நாள் என்று கேட்டாள். வாயில் நுரையோடு எல்லாவற்றையும் சொன்னான். காந்தி, ரைட், சார்லஸ். சட்டைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, பாரும்மா, ரெண்டு சட்டை என்று சிரித்தான். அவளும் சிரித்தாள். அதுதான், அந்தச் சிரிப்புதான் அவள் தொண்டையில் இன்னும் கிடக்கிறது. நானும் சிரித்தேனே. எதற்குச் சிரித்தேன்? போகாதே என்று ஏன் சொல்லவில்லை? பனி இருக்குது, விடிஞ்சு போ என்று ஏன் சொல்லவில்லை? பெண் பிள்ளை பஸ் ஸ்டாண்டில் தனியாக நிற்குமே என்று நினைத்தாள். நினைத்தது சரிதான். அந்தப் பெண் நின்றுகொண்டேதான் இருந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டு, வருவார் வருவார் என்று. கரும்பு லாரி ஒன்று விளக்கில்லாமல் ரோட்டோரம் நின்றிருந்தது அவளுக்கு எப்படித் தெரியும்? இளவழகனுக்கே தெரியவில்லை. பின்னால் ஒரு வருஷம் அந்தப் பெண் பண்ருட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கவே இல்லை. கூட்டு ரோட்டில் இறங்கி நடந்து வருவாள் என்று வனஜா சொன்னாள். அவளுக்கும் இவனுக்கும் என்று யாரும் பேசி வைத்ததில்லை, யாரும் இல்லை என்றும் சொன்னதில்லை. அவள் கழுத்தில் இப்போது ஓசூர்க்காரப் பையன் கட்டிய தாலி. நல்ல பையன்தான். யாரும் அவளைக் கட்டாதே என்று சொல்லவில்லையே. நேற்று கட்டியிருக்கலாம். நாளை கட்டியிருக்கலாம். நடுவில் ஊரையே முடக்கிப்போட்ட கொரோனா வந்ததே, இந்தியாவில் முதல் ஆளுக்கு அது உறுதியானதும் ஜனவரி முப்பதுதான், கேரளத்துப் பெண். டிவியில் சொன்னபோது அவள் எழுந்து கூடத்துக்கு ஓடினாள், அவனிடம் சொல்ல. டேய், உன் தேதிக்குப் புது ஆளு வந்திருக்குடா. சுவரில் குதிகால் அடையாளம் மட்டும் இருந்தது. அந்த வருஷம்தான் அவள் புருஷன் சுவருக்கு வெள்ளையடித்தார்.

மேடையில் அம்மி மிதித்து முடிந்து, போட்டோவுக்காக எல்லாரையும் நிற்க வைத்துக்கொண்டிருந்தார்கள். முதல் பந்திக்கு ஆட்கள் எழுந்து ஓடினார்கள். சாம்பார் வாசனை, மல்லிகை வாசனை, புது வேட்டியின் கஞ்சி வாசனை. அப்போது நகராட்சிச் சங்கு ஊதியது. பதினோரு மணி. தியாகிகளுக்கு மௌனம் காக்கச் சொல்லி வருஷா வருஷம் ஊதுகிற சங்கு. நாதஸ்வரக்காரர் ஊதிக்கொண்டே இருந்தார், இரண்டும் சேர்ந்து என்ன ராகம் என்று தெரியாமல் போயிற்று. மங்கையர்க்கரசி எழுந்து நின்றாள். அவள் நிற்க வேண்டும் என்று நினைக்கவில்லை, கால் நின்றது. ஊரில் ஏதாவது ஒரு ஆபீசில் இப்போது நான்குபேர் தலையைக் குனிந்து நிற்பார்கள், அந்த மௌனத்தில் ஒரு துளி அவனுக்கும் சேரட்டுமே, அவன் தேதிக்குள் இருக்கிறவன்தானே. ரைட்டுக்கும் கொஞ்சம் சேரட்டும். பக்கத்து நாற்காலி அம்மாள் முழங்காலை ஒதுக்கிக்கொண்டு, பாத்ரூமாங்க, அந்தப் பக்கம், சாப்பாட்டு ஹாலைத் தாண்டி என்றாள். இல்லைங்க என்றாள் இவள். சும்மா. சங்கு ஓய்ந்தது. உட்காரும்போது நாற்காலி கிறீச்சிட்டது.

அந்தச் சமயத்தில்தான் சம்பந்தி அம்மாள் வந்தாள். பருத்த, நல்ல முகமுள்ள மனுஷி, ஓசூர்ப் பக்கத்துப் பேச்சு. வந்தவள் இவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். உள்ளங்கையில் ஒட்டியிருந்த அட்சதை இருவருக்கும் நடுவில் நசுங்கியது.

"உங்களப் பாக்கணும்னு காலைல இருந்து தேடறேன். நீங்கதானே அத்தை? உங்க தம்பி எல்லாம் சொன்னார். எனக்கு உடம்பே சிலிர்த்துப்போச்சு."

"என்ன சொன்னான்?"

"நாங்க இந்தத் தேதி வேணாம்னுதான் சொன்னோம். தெரிஞ்சப்புறம் எப்படிங்க செய்யறது? பொண்ணும் மாட்டேன்னு பிடிவாதம். அப்பத்தானே நீங்க சொல்லியனுப்பினீங்க. என் புள்ள போன நாள்லயே இந்த வீட்டுல ஒரு நல்லது நடக்கட்டும், அவன் சந்தோசப்படுவான்னு. பெத்த மனசு அப்படிச் சொல்லுமா? நான் எங்க சனத்துக்கெல்லாம் சொல்லிட்டேன். மருமவ வீட்டுல அப்படி ஒரு அத்தை இருக்காங்கன்னு."

மங்கையர்க்கரசி அந்த அம்மாளின் மூக்குத்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்குத்தியில் ஒரு கல் இல்லை. என் புள்ள போன நாள்லயே. ஒரு நல்லது நடக்கட்டும். அவன் சந்தோசப்படுவான். நல்ல வாக்கியம். யாருடைய வாக்கியம்? அவள் மனசுக்குள் அதைச் சொல்லிப் பார்த்தாள், தன் குரலில் வருகிறதா என்று. வரவில்லை. அவள் அவனைப் பற்றிப் பேசும்போது என் புள்ள என்று சொல்வதில்லை, இளவு என்பாள். என் புள்ள என்று சொல்கிறவர் வேறு ஆள். தம்ளரைக் கழுவிய ஆள். அதனால்தான் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தானா? அதனால்தான் தெய்வமா? அதனால்தான் ஊரார் எல்லாரும் இன்றைக்கு அவளைச் சாமியைப்போலப் பார்த்தார்களா? ஒரு மாதமாகத் தம்பியை மனசுக்குள் திட்டித் தீர்த்தாளே, அந்தத் திட்டெல்லாம் வழிதவறிப் போய் விழுந்ததா? கோபம் ஒரு வீட்டு வாசலில் ஒரு மாதம் உட்கார்ந்திருந்துவிட்டு, வீடு மாறி வந்துவிட்டோம் என்று எழுந்து நின்றது. அடுத்த வீடு எது என்று அதற்குத் தெரிந்திருந்தது. அது அவள் வீடே. முப்பத்து மூன்று வருஷமாக ஒரே பாயில் பக்கத்தில் படுத்திருந்த வீடு. ஆமாங்க என்று சம்பந்தி அம்மாளிடம் சொன்னாள். வேறு என்ன சொல்வது. கல்யாணப் பெண்ணுக்கு மாமியாராகி அரைநாள்கூட ஆகாத மனுஷியிடம். ஆமாங்க, சாப்பிடப் போங்க என்றாள்.

தெய்வசிகாமணி சாப்பாட்டு ஹால் வாசலில் நின்று கைகூப்பி, வாங்க, அந்தப் பக்கம் இடமிருக்கு, வாங்க என்று ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்தார். கூட்டுறவுச் சங்கத்தில் வேலையாக இருந்த காலத்திலும் இப்படித்தான், யாரையும் நிற்க வைக்கமாட்டார், எதையும் உடனே முடித்து அனுப்பிவிடுவார். கெட்ட மனுஷர் இல்லை. அடித்ததில்லை, குடித்ததில்லை. காலையில் காபி போட்டுக் கொடுத்தார், இன்றைக்கு, முப்பதாந்தேதி, சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக. அவள் எதிரே போய் நின்றதும் அவர் கைகூப்பல் கழன்றது.

"நான் எப்பங்க சொன்னேன்?"

எதை என்று அவர் கேட்கவில்லை. அதிலிருந்தே எல்லாம் தெரிந்துவிட்டது. இரண்டுபேர் உள்ளே போக வழிவிட்டு, சுவரோரம் ஒதுங்கினார்.

"நீ சொல்லமாட்ட. அதான் நான் சொன்னேன்."

"என் வாயால?"

"மண்டபம் கெடைக்கல மங்கை. பையன் அடுத்த வாரம் வெளிநாடு போறான். உன்கிட்டக் கேட்டா நீ வேணாம்னு சொல்லியிருப்ப. கல்யாணம் நின்னிருக்கும். அந்தப் பொண்ணு ஏற்கெனவே ஒருமுறை..." நிறுத்தினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "வருசா வருசம் அந்த நாள்ல நீ வாசலப் பாத்துகினு உக்காந்திருப்ப. இன்னைக்கு என்னடா நாள்னு வாய்க்குள்ளயே கேப்ப. நான் பாக்கலன்னு நெனப்பு உனக்கு. எனக்கும் அவன் புள்ளதான். அந்தத் தேதில வேற ஏதாச்சும் வந்து உக்காந்தா, அடுத்த வருசம் சுடருக்குக் கல்யாண நாள்னு போன் பண்ணுவோம், வாழ்த்துவோம், அது பாட்டுக்கு மேல மண்ணு மூடிரும்னு நெனச்சேன்."

சுவருக்கு வெள்ளையடித்ததும் இப்படித்தானே என்று அவளுக்குத் தோன்றியது. அவர் கண்ணில் தண்ணீர் இருந்தது. அது அவளை இளக்கவில்லை. அதுதான் அவளுக்கே பயமாக இருந்தது. ஆறு வருஷமாக இந்த மனுஷரும் நானும் ஒரே குழியின் இரண்டு கரையில் நிற்கிறோம் என்று நினைத்திருந்தேன், இவர் மண்வெட்டியோடு நின்றிருக்கிறார். மூடலாம், அவர் பக்கத்தை அவர் மூடலாம். என் கையால் அள்ளிப் போட்டதாக ஊருக்குச் சொல்வதா?

"இனிமே நான் சொன்னேன்னு எதையும் யாருகிட்டயும் சொல்லாதீங்க" என்றாள். "தண்ணி வேணும்னு நான் கேட்டேன்னுகூடச் சொல்லாதீங்க."

அவள் திரும்பியபோது, வாங்க, இந்தப் பக்கம் இடமிருக்கு என்கிற குரல் பின்னால் மறுபடி எழுந்தது. கொஞ்சம் உடைந்து, பிறகு சரியாக.

தம்பியிடம் சொல்ல வேண்டும். அவனுக்குத் தெரியாது, பாவம், ஒரு மாதமாக அவனை என்ன நினைப்பு நினைத்தேன், அவன் நம்பித்தானே செய்தான், அக்கா சொல்லிவிட்டாள் என்று நம்பி. சாமான் அறையில் அவன் தனியாகத் தாம்பூலப் பைக்குள் தேங்காய் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். முந்திரி வியாபாரி, எதையும் கையில் தூக்கிப் பார்க்காமல் விடமாட்டான். அக்காவைக் கண்டதும் சிரித்தான். அவள் கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தாள். நிஜமாகவே அதற்குத்தான்.

"புருசு, நான் அப்பிடிச் சொல்லலடா. உங்க மாமா அவரா சொன்னது. உனக்குத் தெரியணும்னு சொல்றேன்."

அவன் கையிலிருந்த தேங்காயைக் கீழே வைத்தான். மெதுவாக வைத்தான். அதிர்ச்சி அவன் முகத்தில் வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை. அவன் தேங்காயையே பார்த்தான்.

"தெரியும்க்கா."

"என்ன தெரியும்?"

"மாமா சொன்னப்பவே தெரியும். நீ அப்பிடிப் பேசுற ஆளா? என் புள்ள சந்தோசப்படுவான்னு நீ சொல்லுவியா? உன்ன எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமாடா..."

"எனக்கும் அந்த வார்த்தை வேணும்போல இருந்துச்சுக்கா" என்றான். "நான்தானே அன்னைக்குப் போன் பண்ணேன். ஆறு வருசமா நீ ஒருதடவ கூட என்னய ஒரு சொல் சொல்லல. திட்டியிருக்கலாம். நீ மன்னிச்சன்னு யாராச்சும் ஒருத்தர் சொல்ல மாட்டாங்களான்னு இருந்தேன். மாமா சொன்னாரு. பொய்யின்னு தெரிஞ்சே எடுத்துக்கிட்டேன். உன்கிட்ட வந்து கேட்டா அது போயிருமே."

வெளியே யாரோ, பாயசம் தீந்துபோச்சா என்று கத்தினார்கள். அவள் தேங்காய் மூட்டையின்மேல் கையை ஊன்றிக்கொண்டாள். சாக்கு நார் குத்தியது. தெரியாமல் செய்தவன் யாருமே இல்லையா இந்த மண்டபத்தில்? ஒருத்தர் அவள் சொல்லமாட்டாள் என்று தெரிந்து சொல்லியிருக்கிறார், இன்னொருத்தன் அவள் சொல்லியிருக்கமாட்டாள் என்று தெரிந்து வாங்கியிருக்கிறான். இரண்டுபேருக்கும் அவளை அவ்வளவு நன்றாகத் தெரிந்திருக்கிறது. தெரியாதவர்கள் ஏமாற்றினால் ஏமாற்றினார்கள் என்று போய்விடலாம், இவ்வளவு தெரிந்தவர்கள் ஏமாற்றினால் எங்கே போவது? அவனைத் திட்ட வேண்டும் என்று ஆறு வருஷத்தில் அவளுக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. அவன் உடம்பு சரியில்லாமல் கிடந்தான், அவன் மகள் தனியாக நின்றாள், மருமகனை அனுப்பினான், இதில் மன்னிக்க என்ன இருக்கிறது என்றுதான் இருந்தாள். அதைச் சொல்லியிருக்கலாம். ஒருநாள் வந்து கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். இப்போது சொல்ல முடியாது. இப்போது மன்னிக்க நிஜமாகவே ஒன்று இருக்கிறது. அக்கா என்று அவன் கையை நீட்டினான். அவள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

பெண்ணோட அத்தை, அத்தை எங்கம்மா, மேடைக்கு வரச் சொல்லுங்க என்று மைக்கில் கூப்பிட்டார்கள். போகாமல் இருந்திருக்கலாம். வாசலில் ஷேர் ஆட்டோ நின்றது, ஏறினால் வீடு. ஆனால் கால் படி ஏறியது. மாப்பிள்ளை மறுபக்கம் குனிந்து நண்பர்கள் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான். சுடர்விழி அவளைக் கண்டதும் மாலையோடு முன்னால் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மருதாணி போட்ட குளிர்ந்த கை. கண்ணில் மை கரைந்து கீழே ஒரு கோடு இறங்கியிருந்தது.

"எனக்குக் காலைல இருந்து பஸ் ஸ்டாண்டுல நிக்கிற மாதிரியே இருக்கு அத்தை" என்றாள், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "நீங்க அப்பிடிச் சொல்லலன்னா நான் ஒத்துக்கிட்டே இருக்கமாட்டேன். உங்க வார்த்தையத்தான் புடிச்சுகினு நிக்கிறேன்."

இதோ ஒருத்தி. தெரியாமல் நம்பினவள். மங்கையர்க்கரசி அந்த முகத்தைப் பார்த்தாள். ஆமாம்டி என்று சொன்னால் போதும். ஒரு வார்த்தை. சம்பந்தி அம்மாளிடம் சொன்னதுதானே. சொன்னால் அந்தப் பொய் இவள் கழுத்தில் தாலியோடு சேர்ந்து கிடக்கும், வருஷா வருஷம் கல்யாண நாளில் இவள் அத்தையை நினைத்துக் கும்பிடுவாள், இல்லாத ஒரு அத்தையை. சொல்லாவிட்டால்? இந்தக் கை விட்டுவிடுமா? இவளுக்கும் நானே ஒன்றைச் சொல்லி, இவள் நல்லதுக்குத்தான் என்று மூடிவிட்டு இறங்கினால், கீழே நிற்கிற அந்த இரண்டுபேருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

"நான் சொல்லலம்மா" என்றாள். "யாரும் என்கிட்டக் கேக்கல. கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பேன்னு எனக்கே தெரியல. சொல்லியிருந்தாலும் இருப்பேன். ஆனா கேக்கல."

சுடர்விழியின் வாய் லேசாகத் திறந்தது. அவள் அத்தையைப் பார்த்தாள், மேடைக்குக் கீழே அப்பாவைத் தேடினாள், மறுபடி அத்தையைப் பார்த்தாள். பிடித்திருந்த கை ஒரு கணம் தளர்ந்தது. போய்விட்டது என்று மங்கையர்க்கரசி நினைத்தாள். அப்புறம் அந்தக் கை முன்னைவிட இறுக்கமாக, வளையல் சதையில் அழுந்துகிற அளவுக்கு, அவள் விரல்களைப் பற்றியது.

"நான் கேக்கணும்னு சொன்னேன் அத்தை" என்றாள் பெண். "நானே அத்தைகிட்ட நேர்ல போய்க் கேக்குறேன்னு சொன்னேன். வேணாம்னுட்டாங்க. கிளம்பி வாசல் வரைக்கும் வந்தேன்."

"சரிடி."

"நான் வந்திருக்கணும்."

"வந்திருக்கணும்" என்றாள் அவள்.

போட்டோக்காரன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அம்மா, கொஞ்சம் இங்க பாருங்க, மேடம், நீங்களும், ரெண்டு பேரும் சிரிங்க, ஸ்மைல் என்றான். மாப்பிள்ளை நிமிர்ந்து சிரித்தான். அவர்கள் இருவரும் திரும்பிப் பார்த்தார்கள், கையை விடாமல். மறுபடி சிரிங்க என்றான். கொஞ்சநேரம் பொறுத்துப் பார்த்தான். பின்னால் ஆட்கள் பரிசுப் பொட்டலத்தோடு வரிசையில் நெருக்கிக்கொண்டிருந்தார்கள். பிறகு இருந்தபடியே எடுத்துக்கொண்டான்.